விசை போகும் வழி

கொட்டகையின் உத்தரத்தில் ஒரு செயின் பிளாக். அதில் தொங்குவது 1950-ஆம் ஆண்டு செவர்லே 3100 பிக்கப் வண்டியின் கேபின். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, கீழே சட்டகமும் இல்லை. உருண்டு திரண்ட கூரையும் இரண்டு கதவும் துரு தின்ற தரையும் மட்டும் காற்றில் நிற்கின்றன. அதன் அடியில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரப்படுவது வேறொரு வண்டியின் சேசிஸ். அதுவும் செவர்லேதான், ஆனால் எஸ்-10 என்ற சிறிய பிக்கப். 1982 மாடலிலிருந்து 2004 வரை அமெரிக்காவில் விற்ற வண்டி. அந்தச் சேசிஸின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் மூன்றாவது வண்டி ஒன்றிலிருந்து வந்தது: 1999-க்குப் பிறகு வந்த சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8.

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் வேலை இது. பழைய வண்டியின் முகத்தை வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் மாற்றுவது. எஞ்சின் பழசாகிவிட்டது என்றால் எஞ்சினை மட்டும் மாற்றலாமே, ஏன் சட்டகத்தையே மாற்ற வேண்டும்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

செவர்லே இந்த வரிசையை 1947-இல் கொண்டுவந்தது. பெயர் அட்வான்ஸ் டிசைன். 1955 தொடக்கம் வரை ஓடியது. படுக்கையாக ஐந்து பட்டைகள் கொண்ட கிரில், ஊதினாற்போன்ற மட்கார்டுகள், சில கேபின்களில் பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி. எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 90 குதிரைத்திறன். தானிய மூட்டையும் வைக்கோலும் ஏற்றிப் பண்ணைக்கும் சந்தைக்கும் போய்வர அது போதும்.

ஆனால் அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் கையெழுத்தானது 1956-இல். இந்த வண்டி அந்தச் சாலைகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அது தெரியும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். பின் ஆக்சிலின் கியர் விகிதம் 4.11. மேல் கியரில் எஞ்சின் சுற்று அப்படியே புரொப்பல்லர் ஷாஃப்டுக்குப் போகிறது. மணிக்கு 72 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,240 முறை சுற்றும். 100 கிலோமீட்டரில் 3,100-ஐத் தாண்டும். அந்த எஞ்சினின் உச்சத் திறன் 3,300 சுற்றில் கிடைப்பது. ஆக, இன்று எல்லோரும் சாதாரணமாகப் போகும் வேகத்தில் அது தன் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் கனெக்டிங் ராடுகளில் இருப்பது உருக்கி ஊற்றிய மென்மையான வெள்ளீயக் கலவை பேரிங். அவற்றுக்கு எண்ணெய் அழுத்தத்தில் வருவதில்லை. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயை மொண்டு எடுக்கிறது. மணிக்கணக்கில் அதை 3,000 சுற்றில் விரட்டுவது அந்த எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை.

சரி, எஞ்சினை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

சில்வராடோவின் 5.3 லிட்டர் எஞ்சின் 1999-இல் வந்தபோது 270 குதிரைத்திறன். பழையதைப் போல மூன்று மடங்கு. அதைப் பழைய சட்டகத்தில் உட்காரவைத்து, அதனுடைய நவீன ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பின்னால் மாட்டலாம். மாட்டியதும் முதல் சிக்கல் வருகிறது. அது இடம் போதாத சிக்கல் அல்ல. விசை போக வழியில்லாத சிக்கல்.

ஒரு போல்ட்டை ஸ்பேனரால் திருகும்போது உங்கள் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். காலைத் தரையில் ஊன்றித்தான் அதைத் தடுக்கிறீர்கள். பின் ஆக்சிலும் அப்படியே. சக்கரங்களை முன்னோக்கித் திருகும்போது ஆக்சில் கூடு தானே எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கிறது. அதற்கும் எங்காவது கால் ஊன்ற வேண்டும். பெரும்பாலான லாரிகளில் அந்தக் கால், பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். ஆனால் 1954 வரை வந்த செவர்லே அரை டன் பிக்கப்பில் புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. அது ஒரு தடித்த எஃகுக் குழாய்க்குள் சுழல்கிறது. குழாயின் பின்முனை ஆக்சில் கூட்டோடு இறுக்கமாக போல்ட் செய்யப்பட்டிருக்கும். முன்முனை கியர்பாக்ஸின் வாலில் ஒரு பந்து மூட்டில் உட்காரும். ஆக்சிலின் ஊன்றுகால் அந்தக் குழாய்தான்.

சக்கரங்கள் வழுக்கும் எல்லையில் 2,000 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை வருவதாகவும் குழாயின் நீளம் ஒன்றரை மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் முன்முனை கியர்பாக்ஸின் வாலை ஏறத்தாழ 1,330 நியூட்டன் விசையில் மேலே தள்ளும். 130 கிலோவுக்கு மேற்பட்ட எடையை ஒருவர் அடியிலிருந்து தூக்கிப் பிடிப்பதுபோல. பழைய கியர்பாக்ஸ் இதைத் தாங்கவே வார்க்கப்பட்டது. புதிய கியர்பாக்ஸின் வால் மெல்லிய அலுமினியம். அதில் பந்து மூட்டுக்கு இடமே கிடையாது. ஆகவே குழாய் போக வேண்டும். குழாய் போனால் ஆக்சிலும் போக வேண்டும். ஆக்சில் போனால், அது உருளாமல் தாங்கும் புதிய ஸ்பிரிங் வேண்டும், அந்த ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தாங்கிகள் சட்டகத்தில் வேண்டும். எஞ்சினைத் தொட்ட கை இப்போது வண்டியின் பின்கோடியில் நிற்கிறது.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சிந்தனைப் பழக்கம் இதுதான். ஒரு விசை எங்கே பிறக்கிறது, எந்தெந்த உறுப்பின் வழியாக நடந்து, எங்கே போய் அடங்குகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போவது. வழியில் ஓரிடத்தில் விரல் வெற்றுக் காற்றைத் தொட்டால் அந்த வண்டி ஓடத் தகுதியற்றது.

இனி சட்டகத்துக்கு வருவோம். ஒரு தாளை எடுத்துக் குழாயாகச் சுருட்டுங்கள். ஓரங்களை ஒட்டாமல் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் முறுகும், திறந்த ஓரங்கள் ஒன்றை ஒன்று உரசி நழுவும். அதே குழாயின் ஓரத்தை நீளவாக்கில் பசையால் ஒட்டி உலரவிட்டுத் திரும்ப முறுக்குங்கள். தாள் அதேதான், எடையும் அதேதான். ஆனால் இப்போது கை திணறும்.

லாரிச் சட்டகம் ஏணி வடிவம். இரண்டு நீளச் சட்டங்கள், நடுநடுவே குறுக்குச் சட்டங்கள். பழைய வண்டிகளில் நீளச் சட்டத்தின் குறுக்குவெட்டு நம் ‘ப’ எழுத்தைப் படுக்கவைத்தது போலிருக்கும். ஒரு பக்கம் திறப்பு, அதாவது பசை ஒட்டாத குழாய். 150 மில்லிமீட்டர் உயரம், 60 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிப்பு உள்ள ‘ப’ சட்டம் ஒன்றை எடுத்து, திறந்த பக்கத்தை அதே தடிப்புள்ள தகட்டால் மூடி வெல்டிங் செய்தால், எடை ஒன்றரை மடங்கு ஆகும். அந்தச் சட்டம் முறுக்கத்துக்குக் காட்டும் விறைப்போ 450 மடங்குக்கு மேல் ஏறும். இது எழுத்துப்பிழை அல்ல. திறந்த வடிவத்தில் விறைப்பு தகட்டுத் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. மூடிய வடிவத்தில் அது, தகடுகள் சூழ்ந்திருக்கும் பரப்பின் இருமடியைப் பொறுத்தது. நாலு மில்லிமீட்டர் தகடு எங்கே, அது வளைத்துப் பிடித்த கையகலப் பரப்பு எங்கே. முழு ஏணியின் விறைப்பு இந்த அளவு கூடாது, ஏனென்றால் குறுக்குச் சட்டங்களும் மூட்டுகளும் தம் பங்குக்கு நெளியும். ஆனாலும் வித்தியாசம் மிகப் பெரியது.

அப்படியானால் 1947-இல் செவர்லே பொறியாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவர்கள் வேண்டுமென்றே நெளியும் சட்டகம் செய்தார்கள். அக்கால ஸ்பிரிங்குகள் மிக விறைப்பானவை, முன்பக்கமும் ஒரே தண்டான ஆக்சில். பண்ணைச் சாலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் இறங்காத தூரத்தைச் சட்டகம் முறுகி ஈடுசெய்தது. நான்கு சக்கரமும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த முறுக்கம் கேபினுக்கு ஏறினால் கதவு சிக்கும், கண்ணாடி விரியும். அதனால் கேபினை ரப்பர் மெத்தைகளின் மேலும் ஊஞ்சல்போல் ஆடும் இணைப்புகளிலும் உட்காரவைத்தார்கள். விளம்பரத்தில் அதற்கு ‘ஃப்ளெக்ஸி மவுன்டட்’ கேபின் என்று பெயர். நெளியும் சட்டகமும் ஆடும் கேபினும் விறைத்த ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே சிந்தனை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நவீன வண்டி இதைத் தலைகீழாக்கியது. சட்டகம் அசையாது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எல்லா அசைவையும் ஏற்றுக்கொள்ளும். நெளியும் சட்டகமும் ஒரு ஸ்பிரிங்தான், ஆனால் ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். மணிக்கு 40 கிலோமீட்டரில் அது பொருட்டல்ல. 110-இல் ஒரு வளைவில் மேடு தட்டினால், சட்டகம் தானாக அடங்கும்வரை ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. 1999-இல் வந்த சில்வராடோவின் சட்டகத்தில் முன்பகுதியை மூடிய குழாயாகவே செய்தார்கள். எஃகுக் குழாயை அச்சுக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தி, அச்சின் வடிவத்துக்கு ஊதிவிடும் முறை அது. வெல்டிங் குறைவு, சுவர் முழுவதும் தொடர்ச்சி. ஒட்டிய காகிதக் குழாயின் எஃகு அவதாரம்.

ஆனால் சில்வராடோ பெரிய வண்டி. அதன் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் பழைய மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எஸ்-10 சரியான அகலம். அதன் நீளப் பெட்டி மாடலில் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே 117.9 அங்குலம். பழைய 3100-இல் 116. வித்தியாசம் ஐம்பது மில்லிமீட்டருக்குள். இவ்வளவு நெருக்கம் தற்செயலாக அமைந்தது. பல கேபின்கள் எஸ்-10 மேல் ஏறியதற்கு முதற்காரணம் இந்த எண்கள்தான். குட்டைப் பெட்டி மாடலின் 108.3 அங்குலச் சேசிஸ் கிடைத்தால் அதை வெட்டி நீட்ட வேண்டியிருக்கும்.

நம் ஊரில் லாரிச் சேசிஸ் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு உடலும் சட்டகமும் தனித்தனி என்பதை விளக்கவே வேண்டாம். எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கேபின்கூட இல்லாத வெறும் சேசிஸ் புறப்பட்டு, ஓட்டுநர் வெயிலில் உட்கார்ந்து, பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல், கரூர் பக்கம் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டறைகளில் கைதேர்ந்தவர்கள் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. சட்டத்தின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே. சட்டம் சுமையில் வளையும்போது மேல் உதடு நசுங்குகிறது, கீழ் உதடு இழுபடுகிறது, நடு உயரத்தில் இரண்டும் இல்லாத ஒரு கோடு ஓடுகிறது. துளை அந்த நடுக்கோட்டருகே இருந்தால் உலோகம் அதைப் பொருட்படுத்தாது. உதட்டில் இருந்தால் விரிசல் அங்கே பிறக்கும்.

வெட்டி நீட்டும்போதும் இதே அறிவுதான். சட்டத்தைச் செங்குத்தாக வெட்டி முட்டவைத்து வெல்டிங் செய்தால் பலவீனம் முழுவதும் ஒரே கோட்டில் சேரும். சாய்வாக வெட்டினால் அது நீளத்தில் பரவும். மேலே வைக்கும் இணைப்புத் தகட்டைச் சதுரமாக வைக்காமல் பட்டம்போல், முனை கூர்ந்த சாய்சதுரமாக வெட்ட வேண்டும். விறைப்பு திடீரென்று முடியும் இடத்தில்தான் உலோகம் களைக்கும். பெரும்பாலும் வெல்டிங் நடுவில் உடைவதில்லை. அதன் ஓரத்தில், சூடுபட்டுக் குணம் மாறிய பழைய எஃகும் புதிய உலோகமும் சேரும் விளிம்பில்தான் விரிகிறது. இந்த வேலையைப் பழகாதவர் செய்யவே கூடாது.

கேபின் இறங்கும் நாளில் கண்ணுக்குத் தெரியும் வேலை அதிகம். முன்சக்கரத்தின் மையத்தை மட்கார்டு வளைவின் மையத்தோடு பொருத்துகிறார்கள். 20 மில்லிமீட்டர் தவறினாலும் பார்ப்பவர் கண் உறுத்தும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். பழைய சக்கரத்துக்கு ஆறு போல்ட், எஸ்-10 இருசக்கர இயக்க மாடலுக்கு ஐந்து. விவரம் தெரிந்தவர்கள் வண்டியை நெருங்கியதும் அதைத்தான் எண்ணுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலைதான் உயிர் காப்பது. பழைய வண்டியின் ஸ்டீயரிங் தண்டு, முன்னே இருக்கும் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஓட்டுநர் மார்புவரை நீளும் ஒரே உருக்குக் கம்பி. நேருக்கு நேர் மோதினால் விசை அதன் வழியாக எங்கே போகும் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நசுங்கி மடியும் ஸ்டீயரிங் தண்டு 1967-இல்தான் வந்தது. சேசிஸ் மாற்றும்போது மூட்டுகள் வைத்த, மடங்கக்கூடிய தண்டைப் போடுவது அழகுக்காக அல்ல. சீட் பெல்ட்டும் அப்படியே. பழைய வண்டியில் அது கிடையாது. 75 கிலோ மனிதர் ஒரு மோதலில் புவியீர்ப்பைப் போல இருபது மடங்கில் நிறுத்தப்பட்டால் பெல்ட் இழுக்கும் விசை 15,000 நியூட்டனுக்கு அருகில். துரு தின்ற தரைத் தகட்டில் ஒரு போல்ட் போட்டு அதைத் தாங்கவைக்க முடியாது. தகட்டைப் புதுப்பித்து, அடியில் அகலமான வலுவூட்டும் தகடு வைத்து, அங்கிருந்து விசை கேபின் தாங்கிகள் வழியாகச் சட்டகத்தை அடைய வழி செய்ய வேண்டும். நல்ல பெயின்ட்டுக்குச் செலவழிக்கும் பலர் இதற்குச் செலவழிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பிரேக். ஒன்றரை டன் வண்டி மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடும்போது அதிலுள்ள இயக்க ஆற்றல் 3 லட்சம் ஜூல். 112-இல் 7 லட்சத்து 26 ஆயிரம். வண்டியை நிறுத்துவது என்றால் இதை வெப்பமாக்குவது. முதல் ஆற்றல் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும். இரண்டாவது, இரண்டேகால் லிட்டருக்கு மேல். அதை ஐந்து நொடியில் முடிக்க வேண்டும் என்றால் பிரேக்குகள் 195 குதிரைத்திறனில் வேலை செய்கின்றன, பழைய எஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய டிரம் பிரேக் சூடாகும்போது டிரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் கட்டைகளைவிட்டு விலகுகிறது. மிதி ஆழமாக இறங்கும், பிடி குறையும். டிஸ்க் சூடாகும்போது தடித்து, இருபுறமும் பிடிக்கும் கட்டைகளை நோக்கி வருகிறது. எஸ்-10 முன்சக்கரங்களில் டிஸ்க். பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போகும். புதிய சேசிஸில் இரண்டு தனிச் சுற்று. என்னைக் கேட்டால், சட்டகம் மாற்ற வேறு காரணமே இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

எஞ்சினுக்கு இப்போதுதான் நிஜமான முறை வருகிறது. அந்த எஞ்சினுடன் வந்த நாலு வேக ஆட்டோமேட்டிக்கில் கடைசி கியரின் விகிதம் 0.70. பின் ஆக்சில் 3.42 என்றால், அதே டயரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் 1,800 சுற்றில் சோம்பலாக ஓடும். அதற்கு 12 வோல்ட் வேண்டும், பழைய வண்டி 6 வோல்ட். ஒயர் முழுவதும் புதிது. கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து ஒரு சுற்றுக்கு 24 துடிப்பு கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது நின்றால் எஞ்சின் நிற்கும். பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்ததுபோல் மூன்றில் ஒரு பார் அழுத்தத்துக்கும் குறைவாக வராது, நாலு பாரில் வரும். 1949 முதல் அந்தச் செவர்லேயில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நாலு பார் அழுத்தக் குழாயை அங்கிருந்து தொடங்க எவரும் விரும்ப மாட்டார்கள். எஸ்-10 சட்டகத்தில் டாங்க் நீளச் சட்டங்களுக்கு இடையே வண்டிக்கு அடியில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், சட்டகம் நல்ல நிலையில் உள்ள, எஞ்சின் சுழலும், கை படாத பழைய 3100 ஒன்று கிடைத்தால் அதை வெட்ட வேண்டாம் என்றே சொல்வேன். அந்த நெளியும் சட்டகமும் ஆடும் கேபினும் ஒரு காலத்தின் பொறியியல் ஆவணம். அது 70 கிலோமீட்டரில் போகட்டும். சட்டகம் துருவில் கரைந்து, எஞ்சின் காணாமல் போய், மரத்தடியில் கேபின் மட்டும் மிஞ்சியிருக்கும் வண்டிகள்தான் இந்த அறுவைக்கு உரியவை. அடையாள எண், பதிவுத் தாள் பற்றிய விதிகள் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. அந்த எண்ணைத் திருத்துவது குற்றம். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது.

கேபின் இறங்கி, தாங்கிகளின் ரப்பர்கள் அமர்ந்து, போல்ட் இறுகியதும் ஓட்டிப் பார்க்கத் துடிப்பார்கள். அதற்கு முன் ஒரு சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு கதவுகளையும் திறந்து மூடி, கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே அளந்து எழுதிக்கொள்கிறார்கள். பிறகு வலது முன்பக்கத்தில், சக்கரத்துக்குப் பின்னால் சட்டகத்தின் மூலையில் ஜாக் வைத்து, அந்தச் சக்கரம் தரையைவிட்டு எழும்வரை தூக்குகிறார்கள். இப்போது சேசிஸ் முறுக்கத்தில் இருக்கிறது. ஒருவர் இடது கதவின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் திறக்கிறார். மற்றவர் அளவுகோலோடு காத்திருக்கிறார். கதவு எங்கும் உரசாமல் திறந்து, அதே ‘டப்’ ஓசையோடு திரும்ப மூடிக்கொள்ள வேண்டும்.